காகிதத்தில் மலிவான நிலம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சாலை வேண்டுமா, பூங்கா வேண்டுமா என்று விவாதம் எழும்போதெல்லாம் மேடையில் ஒருவர் எழுந்து, "இரண்டும் வேண்டும், சமநிலை வேண்டும்" என்பார். எல்லோரும் தலையாட்டுவோம். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சாலை இருக்கும், மற்றது இருக்காது. சமநிலையை யாரும் வெளிப்படையாக மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு பக்கமே எப்போதும் ஜெயிக்கிறது. ஏன்?

இதற்கு விடை தேட, அமெரிக்காவில் 1966இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் ஒரே ஒரு உட்பிரிவை இன்று எடுத்துக்கொள்கிறேன். அது எதைக் காப்பாற்றியது, எங்கே வளைந்தது, யாரைக் கைவிட்டது என்று பார்ப்போம். நான் சொல்ல வருவது இதுதான்: சாலையையும் பூங்காவையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தால் பூங்கா தோற்றே தீரும். ஒரு தட்டில் ரூபாய், பைசா வரை எழுதிய கணக்கு; மறு தட்டில் யாரும் விலை எழுதாத பொருள். ஆகவே சட்டம் செய்ய வேண்டியது நிறுப்பது அல்ல. யார், எந்தக் கேள்விக்கு, எப்போது பதில் சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்துவது.

1. பூங்கா ஏன் சாலையை இழுத்தது?

1956 ஜூன் 29 அன்று அதிபர் ஐசனோவர் நெடுஞ்சாலை நிதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 41,000 மைல், அதாவது சுமார் 66,000 கிலோமீட்டர் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகள். செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசு தரும்; மாநிலம் பத்து விழுக்காடு போட்டால் போதும். இப்படி ஒரு பணம் வந்தால் எந்த மாநிலம் வேண்டாம் என்னும்?

வயல்வெளியில் சாலை போடுவது எளிது. நகருக்குள் நுழையும்போதுதான் சிக்கல். சாலைத் தடம் (அலைன்மென்ட்) போடும் பொறியாளரின் மேசைக்குப் போய்ப் பாருங்கள். குடியிருப்பு வழியாகக் கோடு இழுத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு இழப்பீடு, ஒரு வழக்கு, சில வாக்குகள். பூங்கா வழியாக இழுத்தால் ஒரே சொந்தக்காரர்: நகராட்சி. இடிக்க வீடில்லை, குடியமர்த்தக் குடும்பமில்லை. நிலத்துக்குச் சந்தை விலையும் கிடையாது. ஆற்றங்கரையும் அப்படித்தான். பழைய வணிகத் தெருக்களோ மதிப்பு சரிந்து கிடந்தவை; வாங்க மலிவு.

பொறியாளருக்குப் பூங்காவின் மேல் பகை எதுவும் இல்லை. அவர் கணக்கு சரியாகவே இருந்தது. மாலையில் அங்கே நடக்கும் முதியவருக்கும், வேறு திடல் இல்லாத பிள்ளைக்கும், நூறாண்டு நின்ற மரத்துக்கும் அந்தக் கணக்கேட்டில் பத்தி இல்லை, அவ்வளவுதான். அதனால் நாடு முழுவதும் சாலைகள் பூங்காக்களைத் தேடி வந்தன. சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பூங்காவை ஒட்டிய வழித்தடத்தை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். பால்டிமோரில் லீக்கின் பூங்காவுக்காக ஒரு போராட்டக் குழு. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரின் பிராக்கன்ரிட்ஜ் பூங்காவுக்கு இன்னொரு சண்டை.

2. இரண்டு நிபந்தனைகள்

1966 அக்டோபர் 15 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று, தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். மற்றது, மத்தியப் போக்குவரத்துத் துறையை உருவாக்கிய சட்டம். இரண்டாவதில் உள்ள 4(எஃப்) பிரிவே நம் கதாநாயகன். அதற்காக வாதாடியவர்களில் ஒருவர் டெக்சாஸ் செனட்டர் ரால்ஃப் யார்பரோ. பிராக்கன்ரிட்ஜ் பூங்கா அவருடைய மாநிலத்தில்தான் இருந்தது.

பிரிவு சொல்வதன் சாரம் இது. பொதுவுடைமையான பூங்கா, விளையாட்டு வெளி, வனவிலங்குப் புகலிடம், இவற்றோடு அரசுடைமையோ தனியாருடையதோ எதுவானாலும் வரலாற்றுச் சிறப்புள்ள இடம்: இவற்றில் ஒன்றைப் பயன்படுத்தும் சாலைத் திட்டத்துக்குப் போக்குவரத்து அமைச்சர் ஒப்புதல் தரக் கூடாது. இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே தரலாம். முதலாவது, நடைமுறைக்கு ஏற்ற, அறிவுக்கு ஒத்த மாற்று வழி வேறு இல்லை என்று தெரிய வேண்டும். இரண்டாவது, சேதத்தைக் குறைக்க இயன்ற எல்லாத் திட்டமிடலும் நடந்திருக்க வேண்டும்.

அதே நாளில் பிறந்த மற்றொரு சட்டத்தோடு ஒப்பிட்டால் இதன் கூர்மை தெரியும். வரலாற்றுச் சின்னச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, பழைய கட்டடத்துக்கு நேரும் பாதிப்பை அரசு கருத்தில் கொள்ள வேண்டும், உரியவர்களைக் கலந்து பேச வேண்டும் என்கிறது. கலந்து பேசியபின் இடிக்கலாம். சட்டம் குறுக்கே வராது. 4(எஃப்) அப்படியல்ல. மாற்று வழி இருந்தால் ஒப்புதல் கிடையாது. முன்னது நடைமுறையைக் கேட்கிறது. பின்னது முடிவையே கட்டுப்படுத்துகிறது. 1983இல் சட்டத் தொகுப்பை மாற்றியமைத்தபோது இந்தப் பிரிவுக்கு வேறு எண் வந்துவிட்டது. ஆனாலும் சாலைத் துறையில் இன்றும் அதை 4(எஃப்) என்றே அழைக்கிறார்கள்.

3. மெம்ஃபிஸ் நகரின் 26 ஏக்கர்

சட்டம் ஏட்டில் ஏறிவிட்டது. அதற்குப் பல் உண்டா என்று தெரியவந்தது டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில். அங்குள்ள ஓவர்டன் பூங்கா 342 ஏக்கர். உயிரியல் பூங்கா, ஒன்பது குழி கோல்ஃப் திடல், திறந்தவெளி அரங்கு, கலைக்கூடம் எல்லாம் அதற்குள்ளே. இவற்றைவிட அரிய ஒன்றும் அங்கே உண்டு: நகரின் நடுவில் கோடரி படாமல் தப்பிய பழங்காடு. அந்தத் திறந்தவெளி அரங்கில்தான் 1954இல் எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயது இளைஞர் பாடி நாடறியத் தொடங்கினார்.

ஐ-40 என்ற ஆறு வழிச் சாலை இந்தப் பூங்காவின் குறுக்கே, உயிரியல் பூங்காவை மற்ற பகுதியிலிருந்து துண்டித்துக்கொண்டு போவதாகத் திட்டம். தேவை 26 ஏக்கர். அந்த நிலத்துக்காக மாநிலம் நகராட்சிக்கு 20 லட்சம் டாலர் தந்தது. அதில் பாதியைக் கொண்டு நகராட்சி வேறிடத்தில் 160 ஏக்கர் பூங்கா நிலமும் வாங்கியது. கணக்குப் பார்த்தால் லாபம்தானே? 26 போய் 160 வந்திருக்கிறது! இந்தக் கணக்கை ஏற்காத குடிமக்கள் 1957இலேயே ஒரு குழு அமைத்து எதிர்த்து வந்தார்கள். பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்.

போக்குவரத்து அமைச்சர் ஜான் வோல்பி 1969 நவம்பரில் இறுதி ஒப்புதல் தந்தார். இவர் தாமே கட்டுமான நிறுவனம் நடத்தியவர். 1956இல் நெடுஞ்சாலைத் திட்டம் தொடங்கியபோது அதன் முதல் மத்திய நிர்வாகியாகச் சில மாதம் இருந்தவர். ஒப்புதல் ஆணையில் ஒன்று மட்டும் இல்லை: மாற்று வழி ஏன் இல்லை என்ற விளக்கம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அங்கே அரசுத் தரப்பு நமக்குப் பழகிய வாதத்தையே வைத்தது. மாற்று வழி அறிவுக்கு ஒத்ததா என்று பார்க்க, செலவு, தூரம், பாதுகாப்பு, மக்கள் இடப்பெயர்வு, பூங்காவின் மதிப்பு எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடும் உரிமை அமைச்சருக்கு உண்டு என்றது.

1971 மார்ச் 2 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதியரசர் தர்குட் மார்ஷல். பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டு வழக்கில் வாதாடி வென்றவர், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அவருடைய தருக்கம் எளிமையானது. பூங்கா வழியாகப் போவது எப்போதுமே மலிவு; எப்போதுமே குறைந்த பேரை இடம்பெயர்க்கும். இவற்றைப் பூங்காவுக்குச் சமமாக வைத்து எடைபோட நாடாளுமன்றம் எண்ணியிருந்தால் இப்படி ஒரு சட்டமே தேவைப்பட்டிருக்காது. எனவே பூங்காவைக் காப்பதற்கே முதன்மை. மாற்று வழியில் இயல்புக்கு மீறிய இடர் இருந்தாலோ, செலவோ மக்கள் படும் அல்லலோ அசாதாரண அளவுக்குப் போனாலோ மட்டுமே பூங்காவைத் தொடலாம்.

தீர்ப்பின் இரண்டாவது பகுதியும் அதே அளவு முக்கியம். வழக்கு வந்தபின் அதிகாரிகள் எழுதித் தந்த வாக்குமூலங்களை நீதிமன்றம் போதுமானவையாக ஏற்கவில்லை. முடிவெடுத்த நாளில் கோப்பில் என்ன இருந்தது என்பதே கேள்வி என்றது. நம் உச்ச நீதிமன்றத்திலும் இதற்கு இணையான கோட்பாடு உண்டு. மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், ஓர் ஆணை அதில் சொல்லப்பட்ட காரணங்களைக் கொண்டே நிற்க வேண்டும், பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்க்க முடியாது என்று எழுதினார். சட்ட மாணவர்கள் இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.

நீதிமன்றம் சாலையைத் தடை செய்துவிடவில்லை. கேள்வியைத் திருப்பி அனுப்பியது, அவ்வளவே. 1973 ஜனவரியில் அதே வோல்பி, மாற்று வழி இல்லை என்று தம்மால் சொல்ல இயலவில்லை என்று முடிவெடுத்தார். அதற்குப் பிறகும் சுரங்கப்பாதை போடலாமா, பள்ளம் வெட்டலாமா என்று பல ஆண்டுகள் பேச்சு ஓடியது. 1981இல் டென்னசி அரசே அந்தத் துண்டைக் கைவிட்டது. இன்று ஐ-40 நகரின் வடக்குச் சுற்றுச்சாலை வழியாகப் போகிறது. லாரிகளும் போகின்றன, காடும் நிற்கிறது. 2011இல் அந்தப் பழங்காட்டில் 126 ஏக்கரை மாநில இயற்கைப் பகுதியாக அறிவித்தார்கள். "வேறு வழியே இல்லை" என்று சொல்லப்பட்ட இடத்தில் வேறு வழி இருந்தது. யாராவது கட்டாயப்படுத்திக் கேட்க வேண்டியிருந்தது.

4. வளைந்த இடமும் விளைந்த இடமும்

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. செனட்டர் யார்பரோவின் மாநிலத்தையே பாருங்கள். சான் அன்டோனியோவில் 1924 முதல் இயங்கிவந்த பாதுகாப்புச் சங்கம் பிராக்கன்ரிட்ஜ் பூங்காவுக்காக வழக்குத் தொடுத்தது. அரசு ஒரு தந்திரம் செய்தது. சாலையை மூன்று துண்டாக்கி, பூங்காவுக்கு இரு புறமும் உள்ள துண்டுகளுக்கு மட்டும் ஒப்புதல் தந்து, நடுத்துண்டைப் பிறகு பார்ப்போம் என்றது. இரு முனையும் பூங்கா வாசலில் வந்து நின்றால் நடுவில் என்ன மாற்று மிஞ்சும்? நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஆனால் 1973இல் நாடாளுமன்றம் ஒரு தனி விதி கொண்டுவந்து, டெக்சாஸ் மத்திய நிதியை விட்டுவிட்டுச் சொந்தப் பணத்தில் போட்டுக்கொள்ள வழிவிட்டது. 1978இல் சாலை திறக்கப்பட்டது. 4(எஃப்) மத்தியப் பணத்தின் கழுத்தில் கட்டிய கயிறு. பணம் விலகியதும் கயிறும் அவிழ்ந்தது.

இதற்கு மறுபுறம் நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிராங்கோனியா கணவாய். குறுகிய மலை இடுக்கு, மாநிலப் பூங்கா, அதன் உச்சியில் கிழவரின் முகம் போலத் தோன்றும் கருங்கல் பாறை. நான்கு வழிச் சாலைக்கு வெடி வைத்தால் பாறை என்னாகும் என்ற அச்சம் இருந்தது. நெடும் பேச்சுக்குப் பின் 1988இல் திறந்த தீர்வு: ஐ-93 கணவாய்க்குள் நுழையும்போது ஒரு திசைக்கு ஒரே வழியாகச் சுருங்கும், வேகமும் மணிக்கு 72 கிலோமீட்டராகக் குறையும், கணவாயைத் தாண்டியதும் மீண்டும் விரியும். விரைவுச் சாலைக்குரிய தரவிதியை இடத்துக்காகத் தளர்த்தினார்கள். அந்தப் பாறை முகம் 2003இல் பனியும் உறைநீரும் அரித்துத் தானே சரிந்தது வேறு கதை. பூங்கா இன்றும் முழுதாக இருக்கிறது. சேதத்தைக் குறைக்கத் திட்டமிடு என்ற இரண்டாம் நிபந்தனைக்கு நான் காட்டும் சான்று இது. பொறியாளரைச் சட்டம் முடக்குகிறது என்பவர்கள் ஒருமுறை அந்தச் சாலையின் வரைபடத்தைப் பார்க்கட்டும். கட்டுப்பாடு இருந்ததால்தான் அங்கே நல்ல பொறியியல் பிறந்தது.

5. காப்பாற்றப்பட்டதும் பறிபோனதும்

இதுவரை சொன்னது பெருமைக்கதை. இனி இதன் நிழலைச் சொல்ல வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருப்பது பிரெஞ்சு குவார்ட்டர். இரும்புப் பின்னல் மாடங்களும் பழைய தேவாலயமும் கொண்ட அந்தப் பகுதி 1965இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் முன்னால் ஆற்றை மறைத்துக்கொண்டு உயர்மட்ட விரைவுச் சாலை ஒன்றை 1946இலேயே பரிந்துரைத்தவர் நியூயார்க்கின் கட்டுமான அதிகாரி ராபர்ட் மோசஸ். நீண்ட போராட்டத்துக்குப் பின் 1969 ஜூலையில் வோல்பி அதை ரத்து செய்தார். ஆம், நான்கு மாதம் கழித்து மெம்ஃபிஸ் சாலைக்குக் கையெழுத்துப் போட்ட அதே வோல்பிதான்.

பிரெஞ்சு குவார்ட்டரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது திரெமே. கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. அதன் கிளெய்போர்ன் அவென்யூ நடுவே அகன்ற திட்டு. அதில் வரிசை வரிசையாக ஓக் மரங்கள். மார்டி கிரா திருவிழாவுக்குக் குடும்பங்கள் கூடியது அந்த நிழலில்தான். தெருவின் இரு பக்கமும் அவர்களுடைய கடைகள். 1966இல், 4(எஃப்) பிறந்த அதே ஆண்டில், அந்த மரங்களை வெட்டினார்கள். ஐ-10 சாலையின் மேம்பாலம் அந்த இடத்தில் எழுந்தது. கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

மக்களுக்கு அது பூங்கா. காகிதத்தில் அது சாலையின் நடுத்திட்டு. சின்னம் என்று அறிவிக்கும்படி மனுப்போடவும், வாஷிங்டனுக்குப் போய் அமைச்சரைப் பார்க்கவும் பிரெஞ்சு குவார்ட்டருக்கு ஆள் இருந்தது. திரெமேயின் குரலைக் கேட்க அங்கே யாரும் இல்லை. மெம்ஃபிஸிலும் இந்த நிழல் உண்டு. பூங்காவுக்கு மேற்கே, வழக்கு முடியும் முன்பே, சாலைக்கென்று நூற்றுக்கணக்கான வீடுகளை வாங்கி இடித்துவிட்டார்கள். சாலை வரவில்லை. இடித்த நிலம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. மரத்துக்கு இருந்த சட்டம் வீட்டுக்கு இல்லை.

பூங்காவிலிருந்து தள்ளிவிட்ட சாலை காற்றில் கரைந்துபோவதில்லை. வேறொருவர் வாசலுக்குப் போகிறது. எனவே பட்டியலில் எது ஏறுகிறது என்பதே யார் பாரம் சுமப்பது என்பதையும் தீர்மானிக்கிறது. இப்படிச் சாலை பிளந்த பகுதிகளை மீண்டும் இணைக்க 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் 100 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்கான பேச்சில் திரும்பத் திரும்ப அடிபட்ட பெயர் கிளெய்போர்ன். ஐம்பது ஆண்டு பிந்தியது என்றாலும் தவறு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

6. சட்டத்துக்கும் வயதாகிறது

சாலைத் துறையினரின் குறையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பூங்கா ஓரத்தில் நடைபாதைக்குச் சில அடி எடுத்தாலும் முழு மாற்றுவழி ஆய்வு, கோப்புக் கட்டு, காலதாமதம். இதனால் 2005இல் ஒரு திருத்தம் வந்தது. பாதிப்பு மிகச் சிறியது என்று கண்டு, பூங்காவை நிர்வகிப்பவர் எழுத்தில் இசைந்து, பொதுமக்கள் கருத்தும் கேட்டிருந்தால் மாற்றுவழி ஆய்வு தேவையில்லை. இது நல்ல திருத்தம்தான். ஆனால் மிகச் சிறியது எது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பத்து முறை சிறிது சிறிதாக எடுத்தால் மிஞ்சுவது என்ன?

அதே ஆண்டு நடந்த வேடிக்கை ஒன்று. அமெரிக்காவில் ஒரு கட்டுமானம் ஐம்பது வயதைத் தொட்டால் அதை வரலாற்றுச் சின்னமாகக் கருதும் பேச்சு எழும். 1956இல் தொடங்கிய நெடுஞ்சாலைகளே அந்த வயதை நெருங்கின! அப்படியானால் ஒரு பாலத்தை அகலப்படுத்தவும் 4(எஃப்) கேள்வி வரும். எனவே மிகச் சிறப்பான சில பாலங்கள், சுரங்கங்கள் போன்றவற்றை மட்டும் பட்டியலிட்டுவிட்டு, 74,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த வலையமைப்புக்கு விலக்குத் தந்தார்கள். ஒரு தலைமுறை எதிர்த்த சாலையை அடுத்த தலைமுறை நினைவுச்சின்னம் என்று சொல்லக்கூடும். வரலாறு என்பது முடிந்துபோன பட்டியல் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

7. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நம் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டமும் 1956இல்தான் பிறந்தது. தொல்லியல் சின்னங்களுக்கு நாம் வேறு வழி வகுத்தோம். 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி; அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. தெளிவான விதி. அளவுநாடா போதும். ஆனால் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருப்பவை சுமார் 3,700 சின்னங்கள். அவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரை முழுத் தடை. பட்டியலுக்கு வெளியே இருக்கும் பழைய சத்திரத்துக்கும் குளக்கரைக்கும் நகராட்சிப் பூங்காவுக்கும் அந்தக் காப்பு இல்லை. பொதுப்பணிகளுக்காகத் தடைப் பகுதியைத் தளர்த்த ஒரு மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியது, அது சட்டமாகவில்லை. தூரத்தை அளக்கும் விதி, மாற்று வழி உண்டா என்று கேட்பதில்லை. கேட்கும் விதியோ, பட்டியலில் இல்லாததைப் பார்ப்பதில்லை. இரண்டிலும் பாடம் இருக்கிறது.

மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, மாற்று வழியைப் பற்றிய கேள்வி, கோடு போடும் முன்பே வர வேண்டும். இரு முனையிலும் நிலமெடுப்பு முடிந்தபின் நடுவில் கேட்பது சடங்கு. சான் அன்டோனியோ கற்றுத் தந்தது அதுதான். இரண்டாவது, காரணம் முடிவெடுக்கும் அன்றே கோப்பில் எழுதப்பட வேண்டும்; எவரும் படிக்கும்படி இருக்க வேண்டும். மெம்ஃபிஸில் காட்டைக் காத்தது ஓர் அமைச்சரின் நல்ல மனம் என்று சொல்ல மாட்டேன். எழுதப்படாத காரணம் செல்லாது என்ற விதியே காத்தது. மூன்றாவது, பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். கல்வெட்டும் கோபுரமும் உள்ள இடத்துக்குப் பேசப் பலர் வருவார்கள். சந்தைத் திடலுக்கும், மரத்தடிக்கும், தொழிலாளர் குடியிருப்பின் விளையாட்டு வெளிக்கும் பேச ஆள் குறைவு. சாலை அவற்றைத்தான் முதலில் தேடி வரும்; காகிதத்தில் மலிவான நிலம் அவைதான்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊரில் மக்கள் பூங்காவாகவும் வரலாறாகவும் புழங்கும் இடங்கள் அரசுப் பதிவேட்டில் என்ன பெயரில் இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். தரிசு, புறம்போக்கு, நடுத்திட்டு என்று இருந்தால் அதை மாற்ற மனு எழுதுங்கள். சாலைத் திட்டம் அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். அறிவித்த அன்று பதிவேட்டில் இருப்பதே உங்கள் தரப்புச் சாட்சி.